விலை குறைந்த டெலிபோட்டோ ஜூமும் வேடந்தாங்கல் நாரைகளும்

பறவைப் படங்கள் எடுக்கத் தொடங்கும் பலருடைய கையில் முதலில் இருப்பது, கேமராவுடன் இரட்டை லென்ஸ் தொகுப்பில் வந்த ஒரு டெலிபோட்டோ ஜூம்தான். கேனானில் 55–250 மி.மீ., நிக்கானில் 70–300 மி.மீ. என்று பெயர் மாறினாலும், பிளாஸ்டிக் உடலும் சிறிய முன்கண்ணாடியும், முழுவதும் நீட்டிய நிலையில் எஃப் 5.6 அல்லது எஃப் 6.3 என்ற குறுகிய துளையும் (எஃப் எண் கூடக் கூட ஒளி புகும் துளை சுருங்கும்) இவை எல்லாவற்றுக்கும் பொது. எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டி, அதை அலமாரியில் வைத்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவு பெரும்பாலும் அவசரமானது. மங்கிய படங்களில் கண்ணாடியின் பங்கு சிறியது. கை நடுக்கம், பறவையின் அசைவு, ஃபோகஸ் பிசகு, சூடான காற்று, மிஞ்சிய தூரம் ஆகியவையே பெரும்பாலான படங்களைக் கெடுக்கின்றன. இவற்றைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை என்பதால்தான் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

நான் பயன்படுத்துவது 2013-இல் வெளிவந்த கேனான் 55–250 மி.மீ. ஐ.எஸ். எஸ்.டி.எம். லென்ஸ், அதைப் பொருத்தியிருப்பது கேனான் 200டி என்ற 24 மெகாபிக்சல் கேமரா. லென்ஸின் எடை 375 கிராம். தொழில்முறைப் படக்கலைஞர்கள் வைத்திருக்கும் 70–200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். அந்தக் கூடுதல் எடையும் விலையும் முதன்மையாக வாங்கித் தருவது வெளிச்சத்தை: எஃப் 2.8 துளை வழியாக வரும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் எஃப் 5.6 வழியாக வருகிறது. எனவே விலை குறைந்த லென்ஸின் உண்மையான குறை ஒளிக் குறைவு என்று நான் கருதுகிறேன். நல்ல வெளிச்சத்தில் எஃப் 8-இல் எடுத்த இரு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எந்த லென்ஸில் எடுத்தது என்று அச்சில் கண்டுபிடிப்பது எளிதன்று. வெளிச்சம் குறையக் குறையத்தான் வேறுபாடு வளரும்.

லென்ஸைக் குறை சொல்வதற்கு முன், அது எவ்வளவு தெளிவாக வரையக்கூடியது என்பதை ஒருமுறை அறிந்துகொள்ள வேண்டும். செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் தட்டையாக ஒட்டி, நேர் எதிரே முக்காலியில் கேமராவை நிறுத்தி, நடுக்கக் குறைப்பை (ஐ.எஸ்.) அணைத்துவிட்டு, இரண்டு நொடி டைமரில், திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்து, 100, 200, 250 மி.மீ. ஆகிய இடங்களில் எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11, எஃப் 16 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்துகளைப் படிக்க முடிகிறதா என்பதே அளவுகோல். என் லென்ஸ் 250 மி.மீ.-இல் எஃப் 5.6-இலேயே நன்றாக இருக்கிறது, எஃப் 7.1 அல்லது எஃப் 8-இல் ஓரங்கள் இன்னும் சற்று இறுகுகின்றன. எஃப் 16-க்குப் போனால் ஒளி வளைவினால் எல்லா எழுத்துகளும் மீண்டும் மென்மையாகிவிடுகின்றன. நடுக்கக் குறைப்பு இல்லாத பழைய 70–300 வகை லென்ஸ்கள் பலவற்றில், 300 மி.மீ. முனையில் திறந்த துளையில் படம் தெளிவாகவே மென்மையாக இருக்கும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை மூடினாலோ, ஜூமை 250 மி.மீ. அளவுக்குப் பின்வாங்கினாலோ வியக்கத்தக்க முன்னேற்றம் கிடைக்கும். உங்கள் லென்ஸ் எந்த இடத்தில் நன்றாக இருக்கிறது என்பது அந்தச் செய்தித்தாளில் தெரிந்துவிடும், அதன் பிறகு வெளியில் எடுக்கும் படம் மங்கினால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்தத் தேடலுக்குப் படமே சான்று சொல்லும். படத்தில் உள்ள எல்லாப் பொருள்களும், அசையாத கிளையும்கூட, ஒரே திசையில் இழுபட்டிருந்து, நீர்த்துளியில் பட்ட ஒளிப்புள்ளிகள் சிறு கோடுகளாக நீண்டிருந்தால், அது கை நடுக்கம். கிளை தெளிவாக இருந்து இறக்கை மட்டும் கரைந்திருந்தால், ஷட்டர் வேகம் பறவைக்குப் போதவில்லை. பறவை மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள இலை ஊசி போலத் தெளிவாக இருந்தால், அது ஃபோகஸ் பிசகு. எந்தத் தளத்திலும் எதுவும் தெளிவில்லாமல், நேரான கிளைகளின் விளிம்புகள் அலை அலையாக நெளிந்து, அடுத்தடுத்த படங்களில் அந்த நெளிவு மாறிக்கொண்டே இருந்தால், அது இடையில் உள்ள காற்றின் வேலை. ஒவ்வொரு படத்திலும் ஒரே மாதிரியான மென்மை, நடுவைவிட மூலைகளில் கூடுதலாக, ஊதாவும் பச்சையுமான விளிம்புக் கோடுகளோடு தெரிந்தால் மட்டுமே கண்ணாடியைக் குறை சொல்லலாம். இந்த ஐந்தையும் பிரித்தறியப் பழகியவருக்கு, நூறு படங்களில் எதை மாற்ற வேண்டும் என்பது சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

ஷட்டர் வேகத்தில்தான் புதியவர்கள் பெரிதும் சிக்கனம் காட்டுகிறார்கள். குவியத் தூரத்தின், அதாவது லென்ஸின் மி.மீ. அளவின், தலைகீழ் எண்ணைவிட வேகமாக எடுக்க வேண்டும் என்ற பழைய விதி, 35 மி.மீ. ஃபிலிம் காலத்தைச் சேர்ந்தது. கேனானின் சிறிய சென்சாருக்கு 1.6 என்ற பெருக்கலைச் சேர்த்தால், 250 மி.மீ.-க்குக் குறைந்தது 1/400 நொடி வேண்டும். நடுக்கக் குறைப்பு இருப்பதால் அமர்ந்திருக்கும் பறவையை 1/100 நொடியில்கூட எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொறி நிறுத்துவது கையின் நடுக்கத்தை மட்டுமே, பறவை தலையைத் திருப்புவதை அதனால் நிறுத்த முடியாது. கொக்கு அசையாமல் நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றும்போதும் அதன் கழுத்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அமர்ந்த பறவைக்கு 1/500, இறக்கையை விரித்து மிதந்து இறங்கும் கூழைக்கடாவுக்கு 1/800, சிறகடித்துப் பறக்கும் நாரைக்கு 1/1600 என்று நான் வைத்துக்கொள்கிறேன். முழு வெயிலில் எஃப் 8, 1/1600 நொடி என்றால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்) 400 போதும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையில் அதே அமைப்புக்கு 800 அல்லது 1000 தேவைப்படும். ஐ.எஸ்.ஓ.-வை உயர்த்தத் தயங்கவே கூடாது: சிறு மணலைப் போன்ற இரைச்சலைக் கணினியில் தணிக்க முடியும், இழுபட்ட இறக்கையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

லென்ஸின் எடை குறைவு என்பது ஒரு வசதியாக இருந்தாலும், அதன் காரணமாகவே அது கையில் எளிதாக ஆடுகிறது. இடது உள்ளங்கையை லென்ஸின் அடியில், நீண்டிருக்கும் குழல் பகுதிக்கு அருகில் வைத்து, இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டுச் சற்று நிறுத்திய கணத்தில் ஷட்டரை அழுத்த வேண்டும். நான்கைந்து படங்களைத் தொடராக எடுத்தால், முதல் படத்தைவிட இடையில் உள்ள ஒன்றே தெளிவாக இருப்பதைக் காண்பீர்கள், ஏனெனில் விரல் அழுத்தும் அசைவு முதல் படத்தில் கலந்துவிடுகிறது. ஏரிக்கரையில் ஒரு மரத்தில் தோளைச் சாய்த்து நிற்பது நல்ல துணை. துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பித் தைத்துக்கொண்டால், கார்க் கதவின் மேலோ கட்டைச் சுவரிலோ அதை வைத்து லென்ஸை அமர்த்தலாம். இந்த எளிய பை தருகிற நிலைத்தன்மையை இலேசான, விலை குறைந்த முக்காலிகள் காற்றில் தருவதில்லை.

ஃபோகஸைப் பொறுத்தவரை, கேமராவின் இயல்பையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 200டி-யின் கண்காட்டியில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில்) உள்ள ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் உணரும் குறுக்கு வகை. மற்ற எட்டையும் அணைத்துவிட்டு நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, அதைப் பறவையின் கண்ணிலோ கழுத்தின் அடியிலோ நிறுத்துவதே நம்பகமான வழி. புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கேமராவிடமே விட்டால், அருகில் இருக்கும் கிளையையே அது பிடிக்கும். 250 மி.மீ., எஃப் 5.6, ஐந்து மீட்டர் தூரம் என்ற நிலையில் தெளிவாக விழும் ஆழம் எட்டு அல்லது ஒன்பது சென்டிமீட்டர்தான். இருபது மீட்டரில் அது ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டருக்கும் மேலாகிவிடுகிறது. ஆகவே அருகில் உள்ள மீன்கொத்தியிடம் தேவைப்படும் கவனம் தொலைவில் உள்ள நாரைக்குத் தேவைப்படாது. அசையாத பறவை என்றால் கண்காட்டியை விட்டுத் திரைக்கு வந்துவிடுங்கள். திரை வழி ஃபோகஸ் சென்சாரின் மேலேயே நடப்பதால், அங்கே முன்பின் பிசகு ஏறத்தாழ இல்லை. இந்த லென்ஸின் ஃபோகஸ் வளையம் மின்னணு முறையில் இயங்குவது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேமரா உறங்கிக்கொண்டிருக்கும்போது வளையத்தைத் திருப்பினால் எதுவும் நகராது.

இனி தூரம். இதுவே எல்லாவற்றிலும் பெரிய விஷயம் என்பதால் எண்களோடு சொல்கிறேன். 250 மி.மீ.-இல் பத்து மீட்டர் தூரத்தில் படச் சட்டம் (ஃபிரேம்) அடக்கும் அகலம் 89 சென்டிமீட்டர். சிறால் மீன்கொத்தியின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர் என்பதால், அது சட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. 6000 பிக்சல் அகலத்தில் அதற்குக் கிடைப்பது ஆயிரத்துச் சொச்சம். இணையத்தில் காட்ட அது போதும், பெரிய அச்சுக்குப் போதாது. ஐந்து மீட்டருக்கு வந்தால் அதே பறவைக்கு நீளவாக்கில் இரு மடங்கு பிக்சல்கள் கிடைக்கின்றன. ஐம்பது மீட்டரில் சட்டத்தின் உயரம் மூன்று மீட்டராகிவிடும். அங்கே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மூக்கு நாரை மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். நூறு மீட்டரில் நாரையைத் தேட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பவர் எந்தப் பறவையை எடுக்கலாம், எதைக் கண்ணால் பார்த்து மகிழ்ந்துவிட்டு நகரலாம் என்று இடத்திலேயே முடிவு செய்துவிடுவார்.

வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை இதை மிகத் தெளிவாக உணரலாம். கூடுகள் எல்லாம் ஏரிக்குள் நீரில் நிற்கும் மரங்களில் இருக்கின்றன. நாம் நிற்பது கரையில். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் ஊரார் இந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு எழுத்தாகப் பெற்றார்கள் என்பது வரலாறு. எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காவலுக்குரிய தூரத்தை நாமும் காக்கத்தான் வேண்டும். எனவே அங்கே ஒற்றை நாரையின் முகத்தை நிரப்ப முயல்வது 250 மி.மீ.-க்கு உரிய வேலையன்று. ஜூமை 100 அல்லது 135-க்குக் கொண்டுவந்து, ஒரே மரத்தில் மேல் கிளைகளில் நாரைகளும், நடுக்கிளைகளில் அரிவாள் மூக்கன்களும், கீழே நீரை ஒட்டி வக்காக்களும் அடுக்கடுக்காகக் குடியிருப்பதை ஒரு படமாக அமைத்தால், 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவரால் நின்ற இடத்திலிருந்து எடுக்க முடியாத படம் உங்களுக்குக் கிடைக்கும். ஜூம் என்பதன் முழுப் பயன் இதுதான். மாலையில் இரை தேடிவிட்டுக் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் பறவைகள் கரைக்கு மேலாகவே தாழ்ந்து வரும். அப்போது தூரம் தானாகக் குறைகிறது. கூழைக்கடா இறங்கும் வழியை முதல் சில பறவைகளிடம் பார்த்துக்கொண்டால், அடுத்தது வருவதற்குள் ஷட்டர் வேகத்தையும் ஃபோகஸையும் அமைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

ஒற்றைப் பறவையை நெருக்கத்தில் எடுக்க வேண்டுமானால் சரணாலயத்தைவிடச் சுற்றியுள்ள வயல்களே மேல். உழவு நடக்கும் வயலில் டிராக்டரின் பின்னால் வரும் உண்ணிக்கொக்குகள் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை. சாலையோரக் கம்பியில் அமர்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியும் பனங்காடையும், நடந்து நெருங்கும் மனிதரைக் கண்டால் பறந்துவிடும், ஆனால் மெதுவாக வந்து நின்ற காரைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டு, கதவின் மேல் பயறுப் பையை வைத்து, அப்படியே எடுக்கலாம். தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டும் கருவி என்று இந்த லென்ஸை எண்ணாமல், அருகில் இருப்பதைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் கருவி என்று எண்ணினால் படங்கள் மாறுவதைப் பார்க்கலாம். பறவைக்கும் அதன் பின்னால் உள்ள செடிக்கும் இடையே நிறைய இடைவெளி இருக்கும்படி நாம் இரண்டடி நகர்ந்து நின்றால், எஃப் 5.6-லும் பின்னணி மென்மையான ஒரே நிறமாகக் கரைந்துவிடும்.

காற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. காலை பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறிய நிலத்தின் மேலும் தார்ச்சாலையின் மேலும் கானல் எழும். ஐம்பது மீட்டர் தொலைவில் உள்ள பறவையை அதன் ஊடாக எடுத்தால், உலகின் விலை உயர்ந்த லென்ஸிலும் அது நெளியத்தான் செய்யும். ஏறிய சூரியன் கண்ணின் மேல் நிழலையும், வெள்ளை இறகில் கூசும் ஒளியையும் தருவதால், அந்த நேரத்தில் நான் தொலைவில் உள்ள எதையும் எடுப்பதில்லை. ஐந்தாறு மீட்டருக்குள் உள்ளதை மட்டும் எடுப்பேன். விடிந்த பின் இரண்டு மணி நேரமும், சூரியன் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும், சூரியனை முதுகில் வைத்து நின்றால் கிடைக்கும் ஒளி இந்த லென்ஸுக்கு மிகவும் உகந்தது. சூரியன் மறைந்த பின் 1/500 நொடி, எஃப் 5.6 என்று பிடிவாதம் பிடித்தால் ஐ.எஸ்.ஓ. விரைவிலேயே 3200-ஐத் தாண்டிவிடும். அப்போது பறவையைக் கருநிழல் உருவமாக வானத்தின் மேல் வரைவதே சிறந்த வழி.

வெள்ளைப் பறவைகளின் ஒளி அளவு தனிக் கவனம் கேட்கிறது. அடர் பச்சை மரத்தின் முன் நிற்கும் வெண்கொக்கை எடுக்கும்போது கேமரா மரத்தைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிறச் செய்யும். மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பதோ பாதியாக்குவதோ) குறைத்து வைத்தால் இறகின் கோடுகள் பிழைக்கும். மாறாக, வெளுத்த வானத்தில் பறக்கும் நீர்க்காகத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

பருவம் முடிந்த கோடையில் இந்த லென்ஸ் பூச்சிகளுக்கு நன்றாக உதவுகிறது, இதைப் பலர் அறியாமலே விட்டுவிடுகிறார்கள். இதன் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 85 சென்டிமீட்டர், அந்நிலையில் 0.29 மடங்கு உருப்பெருக்கத்தில் சட்டம் அடக்குவது ஏறத்தாழ 77 மி.மீ. அகலமும் 51 மி.மீ. உயரமும் கொண்ட இடம். எருக்கம் பூவில் இறக்கை மூடி அமர்ந்த வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கு இது அளந்து வைத்த சட்டம். எஃப் 8-இல் கிடைக்கும் ஆழம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், கேமராவின் பின்புறம் பூச்சியின் இறக்கைக்கு இணையாக இருக்கும்படி நிற்பதே எல்லாம். கோணம் சிறிது பிசகினால் கண் தெளிந்து இறக்கையின் நுனி கரைந்துவிடும். தும்பிகள் ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வந்து அமர்பவை. குச்சியின் மேல் ஃபோகஸை வைத்துவிட்டு அசையாமல் நின்றால் அவை உங்களிடம் வரும்.

சிறு செலவில் பெரும் பயன் தருவது ஹூட், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் வளையம். எதிரில் இல்லாத ஒளியும் பக்கவாட்டிலிருந்து முன்கண்ணாடியில் பட்டால் படத்தின் கருமை வெளுத்துவிடும். ஹூட் அதைத் தடுக்கிறது. அதே நேரத்தில், பாதுகாப்புக்கென்று கடையில் மாட்டிவிடும் மலிவான யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். நீண்ட குவியத் தூரத்தில் தரமற்ற தட்டைக் கண்ணாடி செய்யும் கேடு உடனே கண்ணில் படும்.

படத்தை ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப்பதிவாக) எடுத்தால் மீதி வேலை எளிது. லென்ஸின் ஊதா விளிம்புகளையும் மூலைக் கருமையையும் கேனானின் சொந்த மென்பொருளோ, விலையின்றிக் கிடைக்கும் டார்க்டேபிளோ திருத்திவிடும். இந்த வகை லென்ஸ்களில் நுண்ணிய ஒளி வேறுபாடு சற்றுக் குறைவாகவே பதியும் என்பதால், முதலில் அதைக் கொஞ்சம் உயர்த்தி, பிறகு கூர்மையைச் சேர்த்தால் இறகுகள் எழும்பி வரும். கூர்மையைப் பறவையின் மேல் மட்டும் செலுத்தி, பின்னணியைத் தொடாமல் விடுவது அவசியம். கிராப் செய்வதில் கணக்கு நேரடியானது: 6000க்கு 4000 பிக்சல் முழுப்படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் 20 அங்குல அகல அச்சைத் தரும், பாதி அகலத்துக்கு வெட்டினால் 10 அங்குலம். அதற்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 150–600 மி.மீ. ஜூம்களையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். அவை இரண்டு கிலோ அளவில் எடை கொண்டவை, 600 மி.மீ.-இல் அவற்றின் துளை எஃப் 6.3. அதாவது தூரம் கிடைக்கும், வெளிச்சம் கூடாது, நடுக்கமும் கானலும் இரு மடங்குக்கு மேல் பெரிதாகித் தெரியும். நீர்நிலைகளில் தொலைதூரப் பறவைகளையே எடுக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். தோட்டம், வயல், வண்ணத்துப்பூச்சி என்று அலைபவர்களுக்கு 375 கிராம் லென்ஸே ஏற்றது. பழைய சந்தையில் இரண்டாம் கையாக எதை வாங்கினாலும், பின்புறத்திலிருந்து கைப்பேசி விளக்கைப் பாய்ச்சி, உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சைக் கோடுகள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னை போன்ற கடலோர ஈரத்தில் அவை எளிதில் வளரும். வீட்டில் லென்ஸைத் தோல் பையில் மூடி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லின் நிறம் மாறும்போது வறுத்து மீண்டும் போடுங்கள்.